முதல் பெருநகரம்: சென்னையா, கோலாலம்பூரா?

முதல் தடவை வெளிநாடு போகிறோம், சென்னையா கோலாலம்பூரா என்று இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து ஆட்கள் கேட்பதுண்டு. இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கல்யாணச் சாமான் வாங்கவென்றால் யோசிக்கவே வேண்டாம், சென்னை. அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவதானால் கோலாலம்பூர்.

சென்னைதான் கிட்ட. கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் இறக்கிவிடுவார்கள். ஹட்டனிலிருந்து கட்டுநாயக்க போய்ச் சேரத்தான் அதைவிட நேரம் பிடிக்கும். சென்னை விமான நிலையத்திலேயே மெட்ரோ இருக்கிறது. பஸ் போர்டெல்லாம் தமிழ், வழி கேட்கக் கூச்சமே வராது. ஆனால் குளிரில் வளர்ந்த உடம்புக்கு மே மாத அக்னி நட்சத்திர வெயில் ஆகவே ஆகாது, ஜனவரியில் போங்கள். மாம்பலம் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் நேரே ரங்கநாதன் தெரு. பாத்திரம், சேலை, பை என்று இரண்டு பக்கமும் கடை, நடுவில் நெரிசல். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் நகர வேண்டும். இளவட்டங்களுக்குக் கொண்டாட்டம், முழங்கால் வலிக்காரருக்குச் சரிப்படாது.

கோலாலம்பூருக்கு ஏறக்குறைய மூன்றரை மணி நேரப் பயணம். விமான நிலையம் நகரத்துக்கு வெளியே சிப்பாங்கில் இருக்கிறது. எக்ஸ்பிரஸ் ரயிலில் அரை மணி நேரத்தில் கே.எல். சென்ட்ரல் வந்துவிடலாம். பக்கத்திலேயே இந்தியர் கடைத்தெருவான பிரிக்ஃபீல்ட்ஸ், வாழையிலைச் சாப்பாடு. மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், 'தே ஓ' என்று கேளுங்கள், பால் போடாத நம்ம பிளேன்டீ வரும். அப்புறம் பத்துமலை. 42.7 மீட்டர் முருகன் சிலையைக் கீழே நின்றே கும்பிடலாம். 272 படி ஏற முடிந்தவர்கள் ஏறட்டும். குரங்குகள் பையைப் பறிக்கும், கவனம்.

மனசுக்கு நெருக்கம் என்று பார்த்தாலும் என் ஓட்டு கோலாலம்பூருக்கே. சென்னையில் இலங்கை என்றதும் "யாழ்ப்பாணமா?" என்றார்கள். இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு நம் சனம் லட்சக்கணக்கில் தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டது. அப்படியிருந்தும் அந்த மண்ணில் மலையகத்தை விளக்கிச் சொல்ல வேண்டியிருப்பது வலிக்கிறது. கோலாலம்பூர் டாக்சிக்காரர் ஒருவரிடம் தேயிலைத் தோட்டம் என்று சொன்னதுதான் தாமதம், தாத்தா ரப்பர் மரம் சீவியதையும் அப்பா தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்ததையும் சொல்லிக்கொண்டே வந்தார். ஆள் பிடிக்கும் கங்காணிகள் வழியாக நம்மைக் கண்டிச் சீமைக்கு, அதாவது இலங்கை மலைநாட்டுக்கு, கூட்டிவந்த அதே கங்காணி முறைதான் அவர்களை மலாயாவுக்கும் கொண்டுபோனது. பின்சீட்டில் இருந்த அம்மா, "அங்கயும் அரைப்பேரு போடுவாங்களா தம்பி?" என்று, அரை நாள் சம்பளம் மட்டும் போடுவதைப் பற்றிக் கேட்டார். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும்தான் பேசினார்கள்.

சிங்கப்பூரும் இருக்கிறதே என்பீர்கள். தமிழ் அங்கே ஆட்சிமொழி, லிட்டில் இந்தியாவில் சாப்பாட்டுக்குக் குறையில்லை. தங்கும் செலவுதான் கட்டாது. ஆசை விடவில்லையென்றால் கோலாலம்பூரிலிருந்து பஸ்ஸிலேயே போய் வரலாம். திரும்ப மலேசியாவுக்குள் நுழைய விசா விதி இடம்கொடுக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.