ரங்கூன் வீட்டில் ஐந்து வருட ஸ்டீரியோ: முதல் செலவு கரண்டுக்கு

2020 தொடக்கத்தில் நான் சேர்த்த ஸ்டீரியோ செட் இன்னும் எங்கள் வீட்டு ஹாலில் பாடிக்கொண்டிருக்கிறது. எல்லாம் ஜப்பானிலிருந்து கன்டெய்னரில் வந்த பழைய சாமான்தான். டெனான் ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) 90 ஆயிரம் கியாட் (பர்மா பணம்), ஒரு ஜோடி ஸ்பீக்கர் ஒரு லட்சத்து 20 ஆயிரம், வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்டவுனும் ஏற்ற இறக்கத்தைச் சீராக்கும் ஸ்டெபிலைசரும் சேர்ந்து 70 ஆயிரம். அன்றைய விலை இது, இன்று அந்தக் காசுக்குக் கிடைக்காது. ஆனால் எதற்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்ற கணக்கு மாறவில்லை. ஊரில் யாராவது என்னிடம் செட் வாங்கலாமா என்று கேட்டால், ஸ்பீக்கரைப் பற்றி வாயைத் திறக்கும் முன் கரண்டைப் பற்றித்தான் பேசுவேன்.

காரணம் இருக்கிறது. ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட். நமக்கு 230. அங்கிருந்து வரும் சாமானின் பிளக்கில் இரண்டு தட்டைக் கம்பிகள் இருக்கும். நம் வீடுகளில் உள்ள எல்லா பிளக்கும் ஏற்கும் சாக்கெட்டில் அது தடையில்லாமல் நுழைந்துவிடும். ஆபத்தே அங்கேதான். முதலில் நான் வாங்கியது ஒரு கேசட் டெக். "220தான், அப்படியே சொருகுங்க" என்று கடையில் சொன்னார்கள், நம்பிவிட்டேன். பத்து நொடிகூட இருக்காது. உள்ளே ஒரு உறுமல், அப்புறம் வார்னிஷ் கருகும் வாடை. டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. அதன் பின்பக்கத் தகட்டில், சீரியல் நம்பருக்குப் பக்கத்தில், 100 வோல்ட் என்று பொடி எழுத்தில் இருந்தது. கடைக்காரர் வாயால் சொல்வதை விடுங்கள், அந்தத் தகட்டை டார்ச் அடித்து நீங்களே படியுங்கள்.

சரி, ஸ்டெப்டவுன் வாங்கிவிட்டால் போதுமா? போதாது. 230 உள்ளே போனால் 100 வெளியே வரும். சாயங்காலம் எல்லார் வீட்டிலும் மோட்டார் ஓடும் நேரத்தில் லைன் 180க்கு இறங்கினால், ஆம்புக்கு 78தான் கிடைக்கும். நள்ளிரவில் 260 ஏறினால் 113 போய்ச் சேரும். ஸ்டெப்டவுன் எதையும் சரிசெய்யாது, வருவதை அதே விகிதத்தில் குறைத்துத் தரும், அவ்வளவுதான். அதனால் முதலில் ஸ்டெபிலைசர், அதற்குப் பின் ஸ்டெப்டவுன், அதற்குப் பின் ஆம்ப். ஸ்டெபிலைசரில் டிலே, அதாவது கரண்ட் வந்ததும் சற்றுத் தாமதித்தே கொடுக்கும் வசதி, இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். கரண்ட் போய்த் திரும்பி வரும் அந்த முதல் சில நிமிடங்கள்தான் மோசமானவை. தெருவில் பிள்ளைகள் "மீ லா பீ!" (கரண்ட் வந்துவிட்டது!) என்று கத்தும்போது எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் ஆம்ப் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அந்தச் சந்தோஷம். ஆம்பின் பிளக்கில் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன். சிவப்பு சுற்றியதைச் சுவரில் சொருகக் கூடாது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

ஸ்பீக்கரில் நான் முதலில் பார்ப்பது கோனை, அதாவது முன்னும் பின்னும் அதிரும் கூம்பை, சுற்றியுள்ள விளிம்பு. ஸ்பாஞ்ச் விளிம்பு என்றால் வேண்டாம். நம் மழைக்கால ஈரத்தில் அது சீக்கிரமே விரலால் தொட்டாலே பொடிந்துவிடும். ரப்பர் விளிம்பு நிற்கும். என்னுடையது ரப்பர், ஐந்து மழைக்காலம் தாண்டியும் நன்றாக இருக்கிறது. வாட் எண்ணுக்காக அதிகக் காசு கொடுக்காதீர்கள். வாட் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். வீட்டில் பாட்டு கேட்க ஓடுவது சில வாட்தான்.

இணைப்பில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். இரண்டு இழையும் ஒரே நிறத்தில் இருந்த சாதாரண வயரை வாங்கி மாட்டிவிட்டேன். அப்பாவின் நாதஸ்வர கேசட் ஒன்றை சிடியில் ஏற்றி வைத்திருந்தோம், அதைப் போட்டேன். தவிலுக்கு அடிக்கனம் (பாஸ்) இல்லை, தோல் சத்தம் மட்டும் டப்டப் என்று வந்தது. அப்பா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "வாசிக்கிறவர் எங்கப்பா உக்காந்திருக்காரு? அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல" என்றார். அவர் சொன்னது சரி. ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு முனைக்கும் கறுப்பு முனைக்கும் போக வேண்டிய இழைகள் மாறியிருந்தன. ஒரு கோன் முன்னால் வரும்போது மற்றது பின்னால் போகும், பாஸ் சத்தம் ஒன்றை ஒன்று தின்றுவிடும். ரிப்பேர் கடை சயா (பர்மாவில் மாஸ்டரை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு சுலபமான வழி காட்டினார். ஆம்பிலிருந்து வயரைக் கழற்றி, அந்த முனையில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட வையுங்கள். கோன் வெளியே தள்ளினால் பிளஸ் தொட்ட இழைதான் சிவப்புக்குப் போக வேண்டியது. மாற்றி மாட்டினோம். தவில் தரையில் இறங்கி உட்கார்ந்தது, நாதஸ்வரம் நடுவில் வந்து நின்றது. அப்பா தாளம் போட ஆரம்பித்துவிட்டார். இதற்கு ஒரு கியாட்கூடச் செலவில்லை. விலை உயர்ந்த வயரும் வேண்டாம். நாலைந்து மீட்டருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் தாராளம்.

சிடி பிளேயரை ஆம்பில் போனோ என்று எழுதிய துளையில் மாட்டாதீர்கள். அது ரெக்கார்ட் பிளேயருக்கு உரியது, மற்றதெல்லாம் கரகரக்கும். டிவியில் ஆப்டிக்கல் (ஒளி வழி வயர்) வழியாக எடுத்தால், டிவி செட்டிங்கில் பிசிஎம் (சாதாரண ஸ்டீரியோ ஒலி) என்று வையுங்கள். ஜப்பான் ரேடியோ டியூனர் மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். அங்கே எஃப்எம் 76இல் தொடங்குகிறது, பழைய டியூனர்கள் பல 90 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். அதற்கு மேலே உள்ள நம் நிலையங்கள் அதில் வராது.

எங்கள் வீடு இந்த ஊரின் வழக்கமான அளவுதான், பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பது அடி நீளம். ஸ்பீக்கர்களை நீளச் சுவரில் வைத்தபோது எதிர்ச்சுவரில் பட்ட சத்தம் முகத்தில் அடித்தது. தெருப்பக்கக் குட்டைச் சுவருக்கு மாற்றி, ஸ்பீக்கருக்கு நடுவே ஆறடி விட்டு, சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுத்தேன். தரை டைல்ஸில் ஒரு கனத்த பாய். ஆம்பை மாற்றியிருந்தாலும் இவ்வளவு வித்தியாசம் வந்திருக்காது.

நாலாவது வருஷம் இடது பக்கம் விட்டு விட்டுக் கேட்டது. சத்தத்தைக் கூட்டினால் வரும், குறைத்தால் போகும். ஆம்புக்குள் ஸ்பீக்கரை இணைத்துவிடும் தானியங்கி சுவிட்சான ரிலேயின் முனைகள் ஈரத்தில் கறுத்திருந்தன. சயா அதைச் சுத்தம் செய்து, வால்யூம் குமிழுக்கும் கான்டாக்ட் கிளீனர் அடித்துக் கொடுத்தார். அதன் பிறகு தொந்தரவில்லை.

இப்போதெல்லாம் கரண்ட் இல்லாத நேரமே அதிகம். மலிவு இன்வெர்ட்டரில் ஆம்பைப் போட்டுப் பார்த்தேன், டிரான்ஸ்பார்மர் ஓயாமல் ரீங்காரமிட்டது, நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாகக் கையளவு கிளாஸ் டி போர்டு (கரண்ட் குறைவாக இழுக்கும் சின்ன ஆம்ப்) ஒன்றை 12 வோல்ட் பேட்டரியில் நேராக இணைத்திருக்கிறேன். 8 ஓம் ஸ்பீக்கரில் ஒன்பது வாட் வரை வரும். லைட் போனதும் அப்பாவே ஸ்பீக்கர் வயரை ஆம்பிலிருந்து கழற்றி அந்தப் போர்டில் மாட்டிக்கொள்கிறார், சிவப்பைச் சிவப்பில், கறுப்பைக் கறுப்பில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு.