சீனி பார்க்கும் மெசின்: மூன்று வருடப் பாவனைக்குப் பிறகு

சலரோகம் என்று தெரிந்த கையோடு வாங்கிய குளுக்கோமீட்டர், மூன்று வருடம் தாண்டியும் நன்றாக உழைக்கிறது. இடையில் பற்றரி மாற்றியதோடு சரி. வாங்க நினைப்பவர்கள் மெசினின் விலையை விட, இரத்தத்துளியைத் தொடவைக்கும் ஸ்ட்ரிப்பின் விலையைக் கவனியுங்கள். மெசின் ஒரு தடவைச் செலவு, ஸ்ட்ரிப் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். திருகோணமலைப் பார்மசிகளில் அந்த ஸ்ட்ரிப் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆய்வுகூட முடிவும் மெசின் காட்டுவதும் ஒத்துப்போகவில்லை என்று பலர் குழம்புகிறார்கள். இந்த மெசின்களுக்கென்று 2013இல் வந்த ஐஎஸ்ஓ 15197 என்ற சர்வதேசத் தரமே, டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள அளவுகளில் 15 சதவீத வித்தியாசத்தை ஏற்கிறது. ஆகவே 142க்கும் 148க்கும் இடையில் மனம் உடைய ஒன்றுமே இல்லை. மாம்பழம் வெட்டிய கையைக் கழுவாமல் குத்தினால் வரும் பிழை இதைவிடப் பெரியது. விரல் நுனியின் நடுவை விட்டுப் பக்கவாட்டில் குத்தினால் நோவும் குறைவு.

எல்லோரும் காலையில் வெறும் வயிற்றில் பார்ப்பார்கள். எனக்கு அதிகம் கற்றுத்தந்தது சாப்பாட்டுக்கு முன்னும், சாப்பிடத் தொடங்கி இரண்டு மணித்தியாலம் கழித்தும் பார்ப்பதுதான். வெள்ளை மாப் பிட்டோடு வாழைப்பழம் சாப்பிட்டால் 200ஐத் தாண்டும். குரக்கன் பிட்டைக் குறைத்து, மீன்குழம்பும் கீரையும் கூட்டிச் சாப்பிட்டால் அவ்வளவு ஏறாது. அதே சாப்பாட்டுக்குப் பிறகு டச்பே கடற்கரையில் நடந்துவிட்டு வந்தால் இன்னும் குறைவு. வேலை செய்யும் தசை, இன்சுலினை அவ்வளவாக எதிர்பார்க்காமலே இரத்தத்தில் உள்ள குளுக்கோசை இழுத்துக்கொள்கிறது. டொக்டர் சொன்னபோது தலையாட்டினேன். எண்ணாகப் பார்த்த பிறகுதான் கால் தானாக எழும்பியது.

ஆனால் அந்த நடையின் பலன் அதிக நேரம் நிற்பதில்லை. போன மாதம் முழுக்க நடந்தேன் என்பதற்காக இன்று மத்தியானச் சோறு சலுகை தராது. இதை ஏற்றுக்கொள்ளத்தான் எனக்கு அதிக காலம் எடுத்தது. கார்த்திகை, மார்கழி மழையில் கடற்கரைப் பக்கம் போக முடியாது. பிரட்றிக் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதியும் வழுக்கும். அந்த நாட்களில் சாப்பிட்டதும் விறாந்தையிலேயே மேலும் கீழும் நடக்கிறேன். மழை விட்டதும் பார்ப்போம் என்று விட்டால் தை மாதம் எல்லாம் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டி வரும்.

சில நாள் எல்லாம் சரியாகச் செய்தும் காலையில் எண் கூடி நிற்கும். விடியற்புறத்தில் ஈரல் தன்பாட்டில் குளுக்கோசை வெளிவிடுவது அதற்கு ஒரு காரணம். அதை நேற்றைய நடத்தைக்குக் கிடைத்த புள்ளியாக எடுக்காதீர்கள். குறித்து வைத்துவிட்டு அன்றைய வேலையைப் பாருங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையையும் செய்தால்தான் போக்கு தெரியும்.

வெளியே சாப்பிடப் போகும்போதுதான் கஷ்டம். பெருநாளுக்குப் பக்கத்து வீட்டு அக்கா வட்டிலப்பத்தோடு நிற்பார். "ஒரு நாளைக்குத்தானே தம்பி, சாப்பிடுங்கோ." திருமணம், திருவிழா, பெருநாள் என்று எங்கள் ஊரில் அந்த 'ஒரு நாள்' வாராவாரம் வரும். இப்போது, "ஒரு கரண்டி போதும் அக்கா, சீனி போடாமல் ஒரு பிளேன்ரீ தாங்கோ" என்கிறேன். அவரும் மனம் கோணாமல் தருகிறார். இந்த வசனத்தை ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மறுபடியும் வாங்குவேனா? கட்டாயம். எத்தனை தடவை பார்க்க வேண்டும் என்பதை உங்கள் கிளினிக்கில் கேளுங்கள். இன்சுலின் போடுபவருக்கும் குளிசை மட்டும் எடுப்பவருக்கும் அது வேறு. விரலில் குத்தும் ஊசியை வீட்டாரோடுகூடப் பகிராதீர்கள். எங்களுடையது கடற்காற்று வீசும் ஊர், ஸ்ட்ரிப்பை எடுத்த உடனே டப்பியை இறுக்கி மூடுங்கள். பிரிட்ஜில் வைக்க வேண்டாம். திறந்த திகதியை மூடியிலேயே எழுதி வையுங்கள்.