வான்கோழி நெஞ்சுக்கறி: பிரஷர் குக்கரா, ஓடிஜியா, ஸ்லோ குக்கரா?

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வான்கோழி வருவது கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான். டிசம்பரில் சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் போனால் முழுப் பறவையே கிடைக்கும். ஐந்து பேருக்கு அது அதிகம் என்பதால், உறைந்த நெஞ்சுக்கறி மட்டும் வாங்குகிறோம்; எலும்பில்லாமல், தோலோடு, 1.2 கிலோ போல. முதல் வருடம் பிரஷர் குக்கர், அடுத்த வருடம் ஓடிஜி (மேசையில் வைக்கிற சின்ன மின்சார ஓவன்), கடந்த இரண்டு வருடமாக ஸ்லோ குக்கர் (குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேக வைக்கும் மின்சாரப் பாத்திரம்). இனி மாறுவதாக இல்லை.

பிரஷர் குக்கர் கதை சின்னது. நாட்டுக்கோழிக்கு விடுகிற மாதிரி ஐந்து விசில் விட்டேன். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த மாமியார் ஒரு வாய் மென்றுவிட்டு, "கறி பஞ்சு மாதிரி வேகணும்தான் மாப்பிள்ளை, அதுக்காகப் பஞ்சையேவா வேக வைப்பாங்க?" என்றார். குழம்பு மட்டும் அருமை. கறியின் சாறு முழுக்க அதில்தானே இருந்தது!

ஓடிஜியில் தோல் மொறுமொறுவென்று பொன்னிறமாக வரும். ஸ்லோ குக்கரில் அது நடக்கவே நடக்காது, தோல் தொளதொளத்துக் கிடக்கும். நான் அதை உரித்து எறிந்துவிடுகிறேன். மேசையில் வைத்துப் படம் எடுக்க ஆசை என்றால் ஓடிஜிதான், அதில் பேச்சே இல்லை.

ஆனால் நான் பார்த்தது ஒன்றே ஒன்று: நேரம் கொஞ்சம் தவறினால் என்ன ஆகும்? நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு. வேக வேக இளகிக் கொடுக்கும் கொலாஜன் என்ற புரதமும் குறைவு. ஆட்டுக்காலும் வான்கோழித் தொடையும் நேரம் ஆக ஆக மிருதுவாகும், நெஞ்சோ சக்கையாகும். நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே பயமில்லாமல் சாப்பிடலாம்; அதற்கு மேல் ஏற ஏறச் சாறு வெளியேறிக்கொண்டே இருக்கும். பிரஷர் குக்கருக்குள் 120 டிகிரி அளவுக்கு நீராவி, நடுவில் திறந்து பார்க்கவும் வழியில்லை. ஓடிஜியை 170-இல் வைத்திருந்தபோது கேரல் குழு வாசலுக்கு வந்தது. இரண்டு பாட்டு, ஆளுக்கொரு துண்டு கேக், கொஞ்சம் பேச்சு. திரும்பி வந்து பார்த்தால் ஓரமெல்லாம் காய்ந்திருந்தது. ஸ்லோ குக்கரில் சூடு நிதானமாக ஏறுவதால் இருபது நிமிடம் தாமதித்தாலும் கறி தாங்குகிறது. பண்டிகை வீட்டில் இருபது நிமிடம் தவறாமல் இருக்குமா?

அதற்காகக் காலையில் போட்டுவிட்டு ஆபீஸ் போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். ஸ்லோ குக்கரில் இருக்கும் லோ, ஹை என்ற சூட்டு அளவுகள் இரண்டுமே கடைசியில் ஏறக்குறைய ஒரே சூட்டுக்குத்தான் போகும். போய்ச் சேரும் நேரம்தான் வேறு. லோவில் எட்டு மணி நேரம் விட்டால் மாமியார் சொன்ன அதே பஞ்சுதான். எங்கள் துண்டு லோவில் மூன்றே முக்கால் மணி நேரத்தில் 74-ஐத் தொட்டது. மூன்று மணி நேரம் ஆனதும் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்க்கத் தொடங்குவேன், அதற்கு முன்னால் மூடியைத் தொடுவதில்லை. திறக்கும்போதெல்லாம் சூடு இறங்கிவிடும்.

மசாலா விஷயத்தில் முதல் தடவை ஏமாந்தேன். வெங்காயம், இஞ்சி பூண்டு விழுதைத் தனியாக வதக்கித்தான் உள்ளே போட வேண்டும், இல்லாவிட்டால் பச்சை வாசம் போகாது. தண்ணீர் அரை டம்ளர் போதும். கறியே நிறைய விடும். வெந்த பிறகு அந்தச் சாற்றைக் கடாயில் ஊற்றி, மிளகு தட்டிப் போட்டுச் சுண்ட வைத்தால் கெட்டியான குழம்பு.

அப்புறம், உறைந்த கறியை அப்படியே போடக் கூடாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் நெடுநேரம் கிடந்தால் கிருமி பெருகும். ஒன்றரை நாள் முன்பே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுகிறோம். கரண்ட் போய் வருகிற தெருவில் இருப்பவர்கள் ஸ்லோ குக்கரைத் திருகு வைத்த சாதாரண மாடலாக வாங்குங்கள். பட்டன் மாடல்களில் பல, கரண்ட் திரும்பி வந்தாலும் தானாக ஓடாது. நாம் கவனிக்காவிட்டால் கறி பாதி வெந்த நிலையிலேயே கிடக்கும்.

இதெல்லாம் இரண்டே தடவை செய்த அனுபவம், அதுவும் எலும்பில்லாத துண்டில். இந்த வருடம் வான்கோழிக் கால் வாங்கலாம் என்றிருக்கிறோம். அதற்குப் பிரஷர் குக்கர்தான் சரி என்று மாமியார் இப்போதே சொல்லிவிட்டார். கால் விஷயத்தில் அவரோடு வாதாட என்னிடம் சரக்கு இல்லை.