கிராஞ்சி சதுப்புநிலம்: காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள்

சிங்கப்பூரில் பறவை பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டால் எல்லாரும் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்தைத்தான் சொல்வார்கள். நான் கிராஞ்சி சதுப்புநிலத்துக்கும் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கச் சொல்வேன், ஆனால் ஏழு மணிக்கே அங்கே நிற்க வேண்டும். முதல் தடவை நான் பத்து மணிக்குப் போய், வெயிலில் வியர்த்துக் கொட்டி, இரண்டு கொக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஜூன் மாதம் ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவோடு விடியலில் போனபோதுதான் இடத்தின் அருமை தெரிந்தது.

முதலில் கிராஞ்சி அணையில் இறங்கிப் பாருங்கள். சாலைக்கு ஒரு பக்கம் ஜோகூர் நீரிணையின் உப்புத் தண்ணீர், அக்கரையில் மலேசியா. மறுபக்கம் குடிநீருக்கான நன்னீர்த் தேக்கம். 1970களில் அணை கட்டும்வரை இது கிராஞ்சி ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம், அலையாத்திக் காடு. ஆற்றின் வாயை அடைத்ததும் கடல் ஏறி இறங்குவது நின்றுபோய், மழைத் தண்ணீர் தேங்கி, தாழ்வான கரையில் கோரையும் புல்லும் மண்டிவிட்டன. உப்புச் சேற்றைக் கிளறித் தின்னும் உள்ளான்களைப் பார்க்க இப்போதும் சுங்கை பூலோவுக்குத்தான் போக வேண்டும். கிராஞ்சியில் இருப்பது நன்னீர்ப் பறவைக் கூட்டம்: தாழைக்கோழி, நீலத் தாழைக்கோழி, சீழ்க்கைச் சிறகி, செந்நாரை. ஒரு முகத்துவாரம் போனது இழப்புதான், ஆனால் இந்தத் தீவின் மிகப் பெரிய நன்னீர்ச் சதுப்புகளில் இதுவும் ஒன்று.

2016இல் திறந்த இந்த இடம் 56.8 ஹெக்டேர். நாமாகப் போய்ப் பார்க்க முடிவது நியோ தியூ காட்டு வழியாக ஒரு கிலோமீட்டர் நடையும், அதன் முடிவில் பத்து மீட்டருக்கு மேல் உயரமான ராப்டர் கோபுரம் என்ற பறவை பார்க்கும் கோபுரமும். நடை சாதாரணம். கோபுரத்தில் ஏறியதும் சதுப்பு மொத்தமும் காலடியில் விரிகிறது, அங்கேயே ஒரு மணி நேரம் உட்காரலாம். அப்பா ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே கீழே ஒரு குரல் கேட்டது. "ஆள்காட்டிடா, நம்ம வயல்ல கத்துமே அதேதான்" என்றார், பைனாகுலரைக் கையில் எடுக்காமலே. அப்புறம் கோரைக்குள்ளிருந்து ஒரு நீலத் தாழைக்கோழி வெளியே வந்தது. நீல உடம்பு, சிவப்பு அலகு, நீண்ட விரல்களால் செடிகளை மிதித்து மிதித்து நடந்து போனதைக் கடைசிவரை பார்த்தோம்.

உள்ளே இருக்கும் முக்கியப் பகுதிக்கு வழிகாட்டியோடு மட்டும்தான் போக முடியும். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கும், எனக்குச் சரியென்றே படுகிறது. தரையில் கூடு கட்டும் பறவைகளுக்கு நடுவே தினமும் கூட்டம் நடந்தால் என்ன மிஞ்சும்? இன்னொன்று, சதுப்பை அப்படியே விட்டால் களை படர்ந்து தண்ணீரே தெரியாமல் மூடிவிடும், நீந்துகிற பறவைக்கு இடம் இருக்காது. தன்னார்வலர்கள் சேற்றில் இறங்கிக் களை பிடுங்கிய உழைப்பும் சேர்ந்துதான் இன்று நாம் பார்க்கும் திறந்த நீர்ப்பரப்பு.

குறை என்றால் போக்குவரத்துதான். கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம் இல்லை. திரும்பும்போது கார் கிடைக்க முக்கால் மணி நேரம் நின்றோம், வயதானவர்களோடு போகிறவர்கள் திரும்பும் வண்டியையும் முன்பே பேசிவிடுங்கள். பக்கத்தில் கடை எதுவும் இல்லை, தண்ணீரும் தின்பண்டமும் கையோடு இருக்கட்டும். பைனாகுலர் இல்லாமல் போகவே வேண்டாம்.

செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை போனால் வலசை வரும் நீலவால் பஞ்சுருட்டான்களும் இருக்கும். அடுத்த டிக்கெட்டை நவம்பருக்குப் போடச் சொல்லிவிட்டுத்தான் அப்பா விமானம் ஏறினார்.