நுவரெலியா விடுதியொன்றின் மதுபானசாலை: கலந்து வைத்த கொக்டெயில்களைப் பற்றி

ஏப்ரல் சீசனில் கிரகரி வாவிப் பக்கம் திரளும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, ஒவ்வொரு கிளாசையும் ஆர்டர் வந்த பிறகே கலந்து கொடுப்பது நுவரெலியாவில் நடக்கிற காரியமல்ல என்பது தெரியும். ஆகவே, அண்மையில் நான் தங்கிய விடுதியின் மதுபானசாலையில் சாராயக் கொக்டெயிலை முன்கூட்டியே கலந்து வைத்திருந்ததில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதை வைத்திருந்த முறைதான் முக்கியம். அந்த வகையில் இந்த இடத்தைப் பெரும்பாலும் பாராட்டவே வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டியில் மூடியிட்ட கண்ணாடிப் போத்தல்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் பானத்தின் பெயர், கலந்த திகதி, நேரம் ஆகியவை பேனாவால் எழுதி ஒட்டப்பட்டிருந்தன. உள்ளே தென்னஞ்சாராயமும் இஞ்சிப் பாகும் மட்டுமே. தேசிக்காயைக் கண்ணெதிரிலேயே வெட்டிப் பிழிந்தார்கள். இதுவே சரியான முறை, ஏனெனில் பிழிந்த சாறு சில மணி நேரத்திலேயே சுவை மாறிவிடும். சாராயம் சேர்ந்தால் எதுவும் கெடாது என்ற நம்பிக்கையும் தவறு: 33.5 சதவீதச் சாராயம் இரண்டு பங்குடன் சாறு ஒரு பங்கும் பாகு ஒரு பங்கும் சேர்ந்தால், கலவையின் மதுச் செறிவு ஏறக்குறைய 17 சதவீதமாக இறங்கிவிடுகிறது. மலைக்குளிரே போதும் என்று வெளியில் வைப்பவர்களும் உண்டு. ஆனால் அடுப்படி வெக்கை படும் மேசைக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

ஒப்பீட்டுக்குச் சொன்னால், அமெரிக்க மத்திய அரசின் விதிப்படி, மதுபானசாலைகள் முன்கூட்டியே கலக்கும் கொக்டெயிலை ஒரு கலனுக்கு, அதாவது சுமார் 3.8 லீற்றருக்கு, மேற்படாத கொள்கலனில் வைத்து அங்கேயே அருந்தக் கொடுக்க வேண்டும். இப்படிக் கலந்து வைப்பதில் நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. மதுவரித் திணைக்களத்தின் பாதுகாப்பு ஸ்டிக்கர் ஒட்டிய போத்தலிலிருந்து பானம் வேறொரு பாத்திரத்துக்கு மாறியதும், அது எந்தப் போத்தலிலிருந்து வந்தது என்பது வாடிக்கையாளரின் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. கசிப்பு என்னும் கள்ளச்சாராயம் எத்தனை தோட்டக் குடும்பங்களைச் சீரழித்தது என்பதை அறிந்த நமக்கு இது சிறிய விடயமல்ல. இங்கே கேட்டவுடன் மூலப் போத்தலை எடுத்துவந்து ஸ்டிக்கரையும் காட்டினார்கள்.

குறையும் உண்டு. கூட்டம் கூடிய இரவு வேளையில், எதுவும் எழுதாத பிளாஸ்டிக் ஜக் ஒன்றிலிருந்தும் ஊற்றினார்கள். எப்போது கலந்தது என்று கேட்டபோது பரிமாறுபவருக்குத் தெரியவில்லை. முகாமையாளர் வந்து கிளாசை மாற்றித் தந்தாலும், அந்த ஜக் மேசையிலேயே இருந்தது. ஒரு கிளாசில் எத்தனை மில்லிலீற்றர் சாராயம் என்பதும் பட்டியலில் இல்லை. கலந்து வைத்த பானத்துக்கு அது கட்டாயம் வேண்டும்.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்க முடியாது. இளையவர்களிடம் அடையாள அட்டை கேட்பதையும் பார்த்தேன். போயா எனும் பௌர்ணமி தினத்தில் விற்பனை இல்லாததால், முதல்நாள் இரவு மிஞ்சும் கலவையைக் கொட்டிவிடுவதாகச் சொன்னார்கள். போயாவுக்கு மறுநாள் செல்பவர்கள் போத்தலில் எழுதிய திகதியைக் கேளுங்கள், தயங்காமல் காட்டுவார்கள்.