திருவண்ணாமலை: எந்தக் காலுக்கு எந்தப் பாதை

திருவண்ணாமலைக்கு நடக்க வருபவர்கள் பெரும்பாலும் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். கிரிவலம் சமதளம், அதனால் சுலபம். ரமணர் வாழ்ந்த கந்தாசிரமம் மலைமேல், அதனால் கடினம் என்று நினைத்து, வயதான அம்மாவை 14 கிலோமீட்டர் வெறுங்காலில் நடத்திவிட்டு, அரை மணி நேர மலைப்பாதையைத் தவிர்க்கிறார்கள். இந்த ஊரில் ஆளை வீழ்த்துவது உயரத்தைவிடத் தார்ச்சாலையும் வெயிலும்தான்.

முதலில் கந்தாசிரமப் பாதை. இந்த மலையில் சிறந்த நடை இதுதான். ரமணாசிரமத்தின் பின்வாசலில் தொடங்குகிறது. பாதை நெடுகக் கருங்கல் பாவியிருக்கிறார்கள். ஏற்றம் சீரானது, இருபுறமும் ஓரளவு மர நிழல் உண்டு. நிதானமாகப் போனால் 30 முதல் 45 நிமிடம். வழியில் ஒரு பாறைத் திருப்பத்தில் கோயிலின் கோபுரங்களும் ஊரும் மொத்தமாகக் கீழே தெரியும். குழந்தைகளும் பெரியவர்களும் அதுவரை போய்விட்டுத் திரும்பினாலே போதும், ஒன்றும் குறைந்துவிடாது. கந்தாசிரமம் காலை எட்டரை வாக்கில் திறந்து மாலை நான்கு மணிக்குச் சாத்தப்படும் என்பதால், மதியம் மூன்றுக்குமேல் கிளம்புவதில் அர்த்தமில்லை. பிளாஸ்டிக் பை கையில் இருந்தால் குரங்கு வரும். பழம், பிஸ்கட் எல்லாம் முதுகுப்பைக்குள் போகட்டும்.

சிக்கல் அதற்கு அடுத்த பகுதியில்தான். கந்தாசிரமத்திலிருந்து விருபாட்ச குகைக்கும், அங்கிருந்து கோயிலின் மேற்குக் கோபுரமான பேய்க்கோபுரத்தை ஒட்டிய தெருவுக்கும் இறங்கும் வழி செங்குத்தான கற்படிகள். படிகளின் உயரம் ஒன்றுபோல இருக்காது. பலர் மிதித்து வழவழப்பாகிவிட்ட கற்கள் வேறு. முழங்கால் வலி உள்ளவர்கள் இதில் இறங்க வேண்டாம், வந்த வழியே ரமணாசிரமத்துக்குத் திரும்புங்கள். குகையையும் பார்க்க வேண்டுமென்றால் பேய்க்கோபுரப் பக்கமிருந்து ஏறி, ரமணாசிரமப் பக்கம் இறங்குவது உத்தமம்: மூச்சு வாங்கும், ஆனால் மூட்டு தப்பிக்கும். எந்தப் பக்கம் ஏறினாலும் செருப்பை ஒரு துணிப்பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். ரமணாசிரம வாசலில் விட்டுவிட்டுக் கோயில் பக்கம் இறங்கி, சுடும் சாலையில் வெறுங்காலோடு திரும்பி நடப்பவர்கள் நிறைய. ரமணர் 1899 முதல் 1916 வரை விருபாட்ச குகையிலும், பிறகு 1922 வரை கந்தாசிரமத்திலும் இருந்தார். குகைக்குள் காற்றோட்டம் குறைவு, வெக்கை அதிகம். ஏறி வந்த வியர்வையோடு உள்ளே நுழையாமல் வெளியே ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.

கிரிவலத்துக்கு வருவோம். நிற்காமல் நடந்தால் நான்கு மணி நேரம். பாதையில் உள்ள எட்டு லிங்கக் கோயில்களிலும் நின்று போனால் ஐந்தைத் தாண்டும். அதிகாலை நான்குக்குக் கிளம்பினால்தான் தார் சூடேறுவதற்குமுன் முடியும். ஏழு மணிக்குத் தொடங்குபவர்களுக்கு வழியில் வரும் அடி அண்ணாமலை ஊரைத் தாண்டியதும் பாதம் எரியத் தொடங்கும். அப்போது தண்ணீர் ஊற்றிக் காலை நனைத்துக்கொள்வது பெரிய தப்பு: ஊறிய தோல் சீக்கிரம் கொப்பளிக்கும். தடித்த பருத்திக் காலுறை போட்டு நடப்பதில் குறை எதுவும் இல்லை. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் இறங்கவே கூடாது. காயம் பட்டது அறைக்குப் போன பிறகுதான் தெரியும். கோயில் வரிசையில் சில மணி நேரம் நின்றுவிட்டு உடனே கிரிவலம் தொடங்குவதும் வேண்டாத வேலை. இரண்டுக்கும் நடுவில் ஒரு தூக்கம் இருக்கட்டும்.

பாதியில் விட வேண்டி வந்தால், சாதாரண நாளில் அடி அண்ணாமலை வசதியான இடம், ஆட்டோ கிடைக்கும். பௌர்ணமியன்று வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள் என்பதால், அன்று தொடங்கினால் முழுதும் நடந்தே ஆக வேண்டும். முதல்முறை வருபவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் பௌர்ணமி ஏற்றதல்ல. சக்கர நாற்காலியோடு வருபவர்கள் வார நாள் காலையில், செங்கம் சாலை பிரியும் இடத்தைத் தாண்டித் தொடங்கலாம். அதற்கு முந்தைய பகுதியில் வெளியூர்ப் பேருந்துகள் உரசிக்கொண்டு போகும். நடைபாதையை நம்ப வேண்டாம், பல இடங்களில் அதன்மேல் கடை இருக்கும்.

அண்ணாமலையின் 814 மீட்டர் உச்சிக்குச் சாதாரண நாளில் அனுமதி இல்லை; வனத்துறை பிடித்தால் அபராதம். மலையடிவாரக் காட்டுக்குள் போகும் உள் கிரிவலப் பாதைக்கும் தடைதான். 'நான் கூட்டிப்போகிறேன்' என்று யாராவது வந்தால் நகர்ந்துவிடுங்கள். கார்த்திகை தீபத்தின் நெய்யும் கரியும் படிந்த உச்சிப் பாறை எண்ணெய்ச் சட்டிபோல வழுக்கும் என்பது ஒருபுறம். மறுபுறம், 2024 டிசம்பர் 1 அன்று இதே மலைச்சரிவு வ.உ.சி. நகரில் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள், அந்த ஆண்டு தீபத்துக்கும் பக்தர்களை மேலே விடவில்லை. மழை பெய்திருந்தால் கந்தாசிரமப் பாதையையும் ஒரு நாள் தள்ளிப்போடுவது நல்லது.

ஏறியே தீர வேண்டும் என்ற ஆசையும் அதற்கேற்ற உடல்வாகும் உள்ளவர்களுக்குப் பர்வதமலை இருக்கிறது. கலசப்பாக்கம் பக்கம், உயரம் 4,560 அடி, ஒரு முழுநாள் வேலை. தென்மாதிமங்கலம் வழியில் முதலில் நீண்ட படிக்கட்டு. கடலாடி வழியில் கரடுமுரடான காட்டுப்பாதை. புதியவர்களுக்குத் தென்மாதிமங்கலம்தான் சரி, வழி தவறாது. மேலே கடப்பாரைப் படியில் பாறையில் அடித்த இரும்பையும் சங்கிலியையும் பிடித்து ஏற வேண்டும். உயரத்தில் தலைசுற்றும் ஆட்கள் அதற்கு முன்பே நின்றுவிடுவது புத்திசாலித்தனம், ஏனென்றால் ஏறிய பிறகு அதே உயரத்தைப் பார்த்துக்கொண்டு இறங்கியாக வேண்டும். பத்து மணிக்குமேல் இரும்பு சுடும், விடிவதற்குள் அடிவாரத்தில் இருங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். வானம் இருண்டால் ஏறாதீர்கள். உச்சியில் பெய்யும் மழை கீழே உள்ள ஓடைகளைச் சில நிமிடங்களில் நிரப்பிவிடும். அப்படி நிரம்பினால் கடக்க முயலாமல், தண்ணீர் வடியும்வரை இக்கரையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.