இரண்டு கோடு தெரிந்ததும் தைராய்டு மாத்திரையைக் கூட்டுவதா, காத்திருப்பதா?

ஒருமுறை கரு கலைந்து, மறுபடி கருத்தரிக்கக் காத்திருக்கும் பெண்ணுக்குத் தைராய்டு குறைவும் இருந்துவிட்டால் ஆளுக்கொரு யோசனை சொல்ல வந்துவிடுவார்கள். சிங்கப்பூரில் இந்த யோசனைகள் இரண்டு பக்கமிருந்தும் வரும். ஊரிலிருந்து அம்மாவும் அத்தையும் தொலைபேசியில் சொல்வார்கள். இங்கே அலுவலகத் தோழிகள் சொல்வார்கள். எந்த நிறுவன மாத்திரை, காலையா இரவா, அரசாங்க மருந்தகமா தனியாரா என்று பேச்சு நீளும். இவையெல்லாம் இரண்டாம்பட்சம் என்பது என் கட்சி. கருத்தரித்தது தெரிந்த முதல் வாரத்தில் என்ன செய்வீர்கள் என்பதில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது.

இதில் இரண்டு வழிகள் உண்டு. மருத்துவர் முன்கூட்டியே சொல்லி வைத்தபடி, சோதனைக் குச்சியில் இரண்டு கோடு தெரிந்த அன்றே அளவைக் கூட்டுவது ஒன்று. ரத்தம் கொடுத்து, டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது ஏறும்) முடிவு வந்து, மருத்துவரைப் பார்த்த பிறகு கூட்டுவது மற்றொன்று.

முதல் வழியின் கணக்கு எளிது. வாரத்துக்கு 7 மாத்திரை சாப்பிடுபவர் 9 சாப்பிட வேண்டும். அதாவது இரண்டு நாள் மட்டும் இரட்டை அளவு. அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்லும் 20 முதல் 30 சதவீத உயர்வு ஏறக்குறைய இதுதான். யீஷூனில் இருக்கும் என் தோழி ஒருத்தி, மாத்திரைப் பெட்டியில் புதன், ஞாயிறு கட்டங்களில் மட்டும் இரண்டிரண்டாகப் போட்டு வைத்திருந்தாள். அதற்குமேல் அவள் மூளையைக் கசக்கவில்லை.

இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது, தைராய்டு ஹார்மோனைப் பிடித்து வைக்கும் புரதமும் ரத்தத்தில் ஏறுகிறது. நலமான சுரப்பி கூடுதலாகச் சுரந்து சமாளித்துக்கொள்ளும். மாத்திரையை நம்பியிருக்கும் உடலால் அது முடியாது. பாஸ்டன் ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில், 5ஆம் வாரத்திலேயே கூடுதல் தேவை தொடங்கியிருந்தது. கர்ப்பத்தின் முதல் பாதியில் அது சராசரியாக 47 சதவீதம் வரை போனது. வயிற்றிலுள்ள குழந்தையோ தைராய்டு ஹார்மோனுக்கு முதல் மூன்று மாதம் ஏறக்குறைய முழுமையாகத் தாயைத்தான் நம்பியிருக்கிறது. காத்திருக்கும் வழியில் கரைவது இந்த வாரங்கள்தான். மாதவிலக்கு தள்ளிப்போய், சோதித்து, முன்பதிவு கிடைத்து, ரத்தம் கொடுத்து, முடிவு கைக்கு வருவதற்குள் 8 வாரம் ஆகிவிடுவது அதிசயமில்லை.

காத்திருப்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கடைசிப் பரிசோதனையில் டிஎஸ்எச் ஏற்கெனவே மிகவும் இறங்கியிருந்தவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு இரட்டை அளவு படபடப்பைக் கொண்டுவரலாம். இவர்கள் சோதித்துவிட்டே கூட்ட வேண்டும். மற்றவர்களுக்கு, என்னைக் கேட்டால், முதல் வழிதான். ஆனால் அது சொந்த மருத்துவரிடம் முன்பே பேசி, அளவை எழுதி வாங்கி வைத்துக்கொண்ட வழியாக இருக்க வேண்டும். குச்சியைப் பார்த்த கையோடு தானாகக் கூட்டிக்கொள்வது அதில் சேராது. எந்த வழியானாலும், முதல் பாதியில் 4 வாரத்துக்கு ஒருமுறையும் 30ஆம் வாரத்தை ஒட்டி ஒருமுறையும் ரத்தம் பார்க்க வேண்டும். மாத்திரை சாப்பிடுபவருக்கு டிஎஸ்எச் 2.5க்குக் கீழே இருப்பதுதான் இலக்கு. கருத்தரிக்க முயலும்போதும் அதே இலக்குதான்.

மூன்றாவதாக ஒரு யோசனையும் வரும்: "வயிற்றில் பிள்ளை இருக்கும்போது எந்த மாத்திரையும் வேண்டாம் அம்மா, நிறுத்திவிடு." அன்பால் சொல்வதுதான், ஆனால் ஆபத்தானது. தைராய்டு மாத்திரையில் இருக்கும் லெவோதைராக்சின், உடலே சுரக்கும் ஹார்மோனின் அச்சு அசலான நகல். அதை நிறுத்துவதுதான் பிள்ளைக்குக் கெடுதல்.

காலையா இரவா என்பதில் நான் எந்தப் பக்கமும் இல்லை. வெறும் வயிறு கிடைக்கும் நேரமே நல்ல நேரம். காலை என்றால், மாத்திரைக்குப் பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்தே காப்பிக்கடைப் பக்கம் போக வேண்டும். பால் கலந்த ‘கோப்பி சி’யோ சோயா பாலோ மாத்திரையோடு சேர்ந்து உள்ளே போனால் உறிஞ்சப்படுவது குறையும். மசக்கையில் காலையில் விழுங்கியதெல்லாம் வெளியே வருகிறதென்றால் இரவுக்கு மாறலாம். சாப்பிட்டு 3 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிக்கல் வருவது கர்ப்பகாலச் சத்து மாத்திரையால்தான். இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரையிலிருந்து 4 மணி நேரமாவது தள்ளி இருக்க வேண்டும். காலையில் தைராய்டு, மதிய உணவோடு சத்து மாத்திரை என்று வைத்துக்கொள்பவர்களுக்குக் குழப்பம் குறைவு. முடி கொட்டுகிறதென்று பயோட்டின் சாப்பிடுபவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் முடிவு தவறாக வந்து, மருத்துவர் அளவைக் குறைத்துவிடக்கூடும்.

நிறுவனச் சண்டை சீக்கிரம் தீர்ந்துவிடும். சென்னையிலிருந்து வரும் குப்பி மலிவு, 62.5, 88 மைக்ரோகிராம் போன்ற இடைப்பட்ட அளவுகளும் அங்கே எளிதில் கிடைக்கும். சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத மருந்து கொண்டுவரவும் தடையில்லை. ஆனால் கர்ப்பத்தின் நடுவில் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாதீர்கள். குப்பி தீர்ந்தால் தேடி அலையும் நிலை என்றால், இங்கே தொடர்ந்து கிடைப்பதற்குக் கருத்தரிக்கும் முன்பே மாறி, டிஎஸ்எச் பார்த்துவிடுவது நல்லது.

அரசாங்கப் பலதுறை மருந்தகத்தில் செலவு குறைவு. பழைய அளவுகள், பழைய முடிவுகள் எல்லாம் ஒரே பதிவில் இருக்கும். தனியார் மருந்தகத்தில் அன்றே ரத்தம் எடுத்துவிடுவார்கள், வெள்ளியும் அதற்கேற்பக் கரையும். முதல் பரிசோதனைக்கு மட்டும் தனியாரிடம் போய், பிறகு அரசாங்கப் பக்கம் தொடர்ந்தவர்களை எனக்குத் தெரியும். கெட்டிக்காரத்தனம் என்றுதான் சொல்வேன்.

கரு கலைந்தவர்களை அதிகம் குழப்புவது இன்னொன்று: தைராய்டு அளவு சரியாக இருக்கிறது, தைராய்டு சுரப்பியைத் தாக்கும் எதிர்ப்பான்கள் மட்டும் ரத்தத்தில் இருக்கின்றன, மாத்திரை தொடங்கலாமா? பிரிட்டனில் கருச்சிதைவோ குழந்தையின்மையோ கண்ட, இந்த நிலையிலிருந்த 952 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. கருத்தரிக்கும் முன்பிருந்தே 50 மைக்ரோகிராம் சாப்பிட்டவர்களில் 37.4 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 37.9 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. வேறுபாடே இல்லை. "எதற்கும் இருக்கட்டும்" என்று தொடங்குவதைவிட, டிஎஸ்எச் ஏறுகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்வதே மேல்.

இதைச் சொல்லும்போது மற்றொன்றையும் சொல்ல வேண்டும். தொடக்க வாரங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். கட்டுப்படாத தைராய்டு குறைவு ஆபத்தைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் போன முறை ஒரு நாள் மாத்திரையை மறந்ததால்தான் எல்லாம் நடந்தது என்று மருகுபவர்களுக்கு ஒரு செய்தி: அந்த ஹார்மோன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும்.

குழந்தை பிறந்ததும் கூட்டிய அளவு வேண்டாம். பொதுவாக, கர்ப்பத்துக்கு முன்பு சாப்பிட்ட அளவுக்கே திரும்பச் சொல்வார்கள். 6 வாரம் கழித்து ஒரு டிஎஸ்எச். பாலூட்டும்போதும் மாத்திரையைத் தொடரலாம்.